மூணு தடவை சேர்ந்து மூணு தடவையும் நின்னாச்சு. ஜிம் ஆசை எப்படித் தங்கும்?

கொண்டலாம்பட்டிக்காரன் | 2024 ஜூன் 9, காலை 11.20

வயசு 29. கடையில நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. தொப்பை விழுந்துடுச்சு, கையும் தோளும் குச்சி. மூணு தடவை ஜிம்முல சேர்ந்தேன். மூணு தடவையும் ஒன்றரை மாசம்தான். முதல் வாரம் வர்ற வேகம் அஞ்சாவது வாரம் எங்க போகுதுன்னே தெரியல. 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்றாங்க, எனக்கு 40 நாள் தாண்டியும் ஆகலையே? மலை மாதிரி உடம்பெல்லாம் வேண்டாம், சும்மா டோன் ஆனா போதும். நிஜமா தொடர்ந்து போறவங்க யாராவது சொல்லுங்க.


சிவதாபுரம் அக்கா | 2024 ஜூன் 9, இரவு 9.45

21 நாள் கணக்கை முதல்ல தூக்கிப் போடு தம்பி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வெச்சுப் பார்த்த ஆய்வு 2009-ல வந்துச்சு. ஒரு பழக்கம் தானா நடக்கிற மாதிரி ஆகறதுக்கு நடுத்தரமா 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் போகுது. சாப்பாட்டுக்கு முன்னாடி தண்ணி குடிக்கிறது சீக்கிரம் ஒட்டிக்கும், உடற்பயிற்சி இழுத்தடிக்கும். 40 நாள்ல ஆகலன்னா உன்கிட்ட குறை இல்ல, இன்னும் பாதி வழிதான் வந்திருக்க.

என் கதை. வயசு 44. வீட்டுலயே கொலுசுப் பட்டறை. தரையில சம்மணம் போட்டு, குனிஞ்சு, ஊதுகுழல் வெச்சு வெள்ளியைப் பத்த வைக்கிற, அதாவது சூடாக்கி ஒட்டற, வேலை 20 வருஷம். கழுத்து, இடுப்பு ரெண்டும் போச்சு. 2023 ஜனவரியில நாத்தனார் பொண்ணு கல்யாணத்துக்குத் தைச்ச ஜாக்கெட்டுல கை நுழையல. அந்த ஆத்திரத்துல சேர்ந்தேன். கல்யாணம் முடிஞ்சது, ஜாக்கெட்டும் பிரிச்சுத் தைச்சாச்சு, ஆத்திரமும் போச்சு. ஆனா நான் நிக்கல. காரணம் எதிர்வீட்டு டீச்சர். காலைல 5.40-க்கு தெருமுனையில ஸ்கூட்டியை ஆஃப் பண்ணாம நிப்பாங்க. அந்த சத்தம் கேட்டா எழுந்துதான் ஆகணும்.

அதனால என் பதில் ஒண்ணே ஒண்ணு: ஜோடி பிடி. மத்ததெல்லாம் தானா வரும்.


சிவதாபுரம் அக்கா | 2024 ஜூன் 10

ஒண்ணு விட்டுட்டேன். "டோன்" பத்தி.

டோன் பண்றதுன்னு தனியா ஒரு பயிற்சி கிடையாது. தசை கொஞ்சம் ஏறணும், மேல இருக்கிற கொழுப்பு கொஞ்சம் இறங்கணும், அப்பத்தான் கையில அந்தக் கோடு தெரியும். தசை ஏறணும்னா கனம் தூக்கணும், வாரா வாரம் கொஞ்சமாவது கூட்டணும். சின்ன டம்பெல்லை நூறு தடவை ஆட்டினா டோன் ஆகும், கனம் தூக்கினா பயில்வான் ஆயிடுவோம்னு எங்க லேடீஸ் நேரத்துல பாதிப் பேர் நம்பறாங்க. பயில்வான் ஆகறது அவ்வளவு சுலபமா இருந்தா செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவங்க எல்லாம் மேடையேறியிருப்பாங்க.

வயித்துப் பயிற்சி செஞ்சா வயித்துக் கொழுப்பு மட்டும் கரையும்கிறதும் பொய். உடம்பு எங்க இருந்து எடுக்கும்னு அதுதான் முடிவு பண்ணும். எனக்கு முதல்ல முகம் ஒட்டிப் போச்சு. "சுகர் டெஸ்ட் பண்ணினியா"ன்னு தெருவே விசாரிச்சது.


சிவதாபுரம் அக்கா | 2024 ஜூன் 16

சாப்பாடு கேட்டிருந்தீங்க. பவுடர் வேணுமான்னா அவசியமில்ல, வசதி இருந்தா தப்புமில்ல. தசை ஏத்தறவங்களுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரைக்கும் பலன் உண்டு, அதுக்கு மேல பெரிசா இல்ல. நான் 58 கிலோ. 93 கிராம் வருது.

என் ஒரு நாள்: நாலு இட்லி 8, ரெண்டு முட்டை 12, அரை லிட்டர் பால் 16, பருப்பு 9, தயிர் 7, ஒரு கைப்பிடி நிலக்கடலை 8, கொண்டைக்கடலை சுண்டல் 10, மீல்மேக்கர் 50 கிராம் 26. மொத்தம் 96. பட்டறைத் தராசுல வெச்சு எடை போட்டது. தப்பே வராது. வெள்ளி நிறுக்கிற தராசுல மீல்மேக்கரான்னு வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசல.

தட்டுவடை செட்டுல புரதம் எவ்வளவுன்னு கேட்டவருக்கு: மன நிம்மதி மட்டும். ஜிம் மாஸ்டர் "இன்னும் மூணு செட்டு"ன்னு கத்தும்போதெல்லாம் எனக்கு பீட்ரூட் துருவலும் வெங்காயமும் ரெண்டு கலர் சட்னியும்தான் கண்ணுல வருது. சேலத்துக்காரங்களுக்கு ஜிம் மொழியே துரோகம்.


சிவதாபுரம் அக்கா | 2024 ஜூலை 7

தப்பே வராதுன்னு எழுதினேன் இல்ல? வந்துடுச்சு.

மீல்மேக்கர் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம்கிறது காய்ஞ்சதுக்கு. நான் ஊற வெச்சுப் பிழிஞ்சு வேக வெச்சதை 50 கிராம் நிறுத்து 26-னு எழுதிட்டு வந்திருக்கேன். தண்ணி குடிச்சா அது ரெண்டரை, மூணு மடங்கு எடை போடும். அப்ப எனக்குக் கிடைச்சது 26 இல்ல, ஒம்போதோ பத்தோதான். ஒன்றரை வருஷமா! தராசு சரியாத்தான் சொல்லுச்சு, நான்தான் பச்சைத் தண்ணிக்கும் சேர்த்து கணக்கு எழுதினேன். வெள்ளியில இப்படி எழுதியிருந்தா முதலாளி பட்டறையைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்.

இத்தனைக்கும் தசை ஏறித்தான் இருக்கு. அதனால 93-ங்கறது எட்டியே ஆகணும்கிற கோடு இல்லன்னும் தெரியுது. ஒண்ணுமே தூக்காத சாதாரண ஆளுக்கு நம்ம நாட்டுப் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம்தான்.

தம்பி, ஜோடி பிடிச்சியா இல்லையா? பதிலையே காணோம்.


சிவதாபுரம் அக்கா | 2024 ஜூலை 28

ஜூன் 9-ல "ஜோடி பிடி"ன்னு நான் எழுதினதை யாரும் நம்ப வேண்டாம்.

டீச்சருக்கு ஆத்தூர் பக்கம் மாறுதல் ஆயிடுச்சு. 6 மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் நேரத்துக்குப் போக முடியும். ஸ்கூட்டி சத்தம் நின்னுது, நானும் நின்னேன். 11 நாள் போகல. நடுவுல ஆடி பொறந்துச்சு, கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டு, வீட்டுல விருந்தாளி, கூழு. காரணத்துக்கா பஞ்சம்.

ஒன்றரை வருஷம் போயிருக்கேன், பழக்கம் ஆயிடுச்சுன்னு நெனச்சிருந்தேன். பழக்கம் ஆனது எனக்கில்ல, அந்த ஸ்கூட்டிக்கு.

உட்கார்ந்து யோசிச்சா பழசெல்லாம் வருது. 2019-லயே நான் ஒரு ஜிம்முல சேர்ந்தவதான். பணம் கட்டிட்டா போயித்தானே ஆகணும்னு ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினேன். மூணு வாரம் போனேன். அப்புறம் "கட்டியாச்சே, எப்ப வேணா போலாம்"னு நெனப்பு வந்துடுச்சு. ஆறாவது மாசம் ஞானம் வந்து போனா ஷட்டர்ல பூட்டு. பணமும் போச்சு, ஆளும் இல்ல. பேர் வேண்டாம், அவங்க எங்கயோ நல்லா இருக்கட்டும். பணம் கயிறு இல்லன்னு அப்பவே புரிஞ்சிருக்கணும். மாசாமாசம் கட்டுங்க, ஒரேயடியா கட்டாதீங்க.


சிவதாபுரம் அக்கா | 2024 ஆகஸ்ட் 4

நேத்து ஆடிப்பதினெட்டு. மேட்டூர் 120 அடி நிரம்பி கிடக்குன்னு ஊரே அங்கதான். கூட்டத்துக்குப் பயந்து நாங்க போகல. பட்டறையில ஒக்கார்ந்து கணக்கு முடிச்சோம். அப்ப ஒண்ணு உறைச்சது.

முதலாளி வெள்ளி நிறுத்துக் கொடுப்பார். நாங்க கம்பி இழுத்து, வளைச்சு, பத்த வெச்சு, கொலுசா திருப்பிக் கொடுப்போம். கொடுத்த எடை அப்படியே திரும்பி வராது. தூளாப் போகும், அராவறதுல போகும். அதுக்குப் பேர் சேதாரம். இவ்வளவு வரைக்கும் போகலாம்னு முன்னாடியே பேசி வெச்சிருப்போம். நோட்டுல ஒரு கோடு இழுத்து சேதாரம்னு எழுதி அடுத்த உருப்படிக்குப் போயிடுவோம். தூள் போச்சேன்னு யாரும் பட்டறையை மூட மாட்டாங்க.

ஜிம்முல நான் அப்படிப் பட்டறையை மூடற வேலையைத்தான் செஞ்சுட்டு இருந்தேன். ஒரு நாள் போகலன்னா "போச்சு, விட்டுப்போச்சு, திங்கட்கிழமை புதுசா ஆரம்பிக்கலாம்". அந்தத் திங்கட்கிழமை 11 நாள் கழிச்சுதான் வந்துது.

இப்ப இப்படி வெச்சிருக்கேன். வாரம் மூணு நாள், மாசம் 12. அதுல ரெண்டு சேதாரம். முன்கூட்டியே எழுதியாச்சு. பத்து வந்தா மாசம் முழுசு. லண்டன் ஆய்வுலயும் இது இருக்கு. ஒரு நாள் விட்டதால பழக்கம் உருவாகறது கெடலன்னுதான் வந்திருக்கு. அன்னிக்கு 66-ஐ மட்டும் எடுத்துக்கிட்டு முக்கியமானதை விட்டுட்டேன்.

கொண்டலாம்பட்டித் தம்பி தனிச் செய்தியில கேட்டான்: "சோம்பேறித்தனத்துக்கு லைசென்ஸ் மாதிரி இல்லையா அக்கா?" ரெண்டுக்கு மேல போச்சுன்னா முதலாளி கேப்பார்ல, அது மாதிரிதான். மூணாவது சேதாரத்துக்குப் பதில் சொல்லணும். இங்க முதலாளி யாருன்னு கேக்காதே.


சிவதாபுரம் அக்கா | 2024 ஆகஸ்ட் 20

கக்கூஸ்ல உட்கார முடியல. சிரிக்காதீங்க.

ஞாயித்துக்கிழமை எங்க ஜிம் பொம்பளைங்க ஆறு பேர் ஏற்காடு போனோம். மேல பஸ்ல போயிட்டு, இறங்கும்போது நடக்கலாம்னு முடிவு. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, அதுல ஒம்போது நடந்தே இறங்கினோம். ஏறறதுதானே கஷ்டம், இறங்கறதுல என்ன இருக்குன்னு நெனச்சோம். மூச்சே வாங்கல. வழியில குரங்கு ஒண்ணு சுண்டல் பொட்டலத்தைப் பிடுங்கிட்டுப் போச்சு, என் புரதக் கணக்குல பத்து கிராம் சேதாரம். நல்லா சிரிச்சுக்கிட்டே அடிவாரம் பஸ் ஏறினோம்.

திங்கட்கிழமை லேசா. செவ்வாய்க்கிழமை, அதாவது இன்னிக்கு, தொடை ரெண்டும் கருங்கல். படியில இறங்கும்போது கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்கறேன்.

மாஸ்டர் சொன்னது: இறக்கத்துல ஒவ்வொரு அடியிலயும் தொடைத் தசை நீண்டுக்கிட்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்குது, பிரேக் மாதிரி. அந்த வேலையிலதான் தசை நார்ல சின்னச் சின்ன சேதம் அதிகம். வலி உடனே வராது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு உச்சத்துக்குப் போகும், நாலஞ்சு நாள்ல தானா இறங்கும். டம்பெல்லை மேல தூக்கறதைவிட மெதுவா கீழ இறக்கறது ஏன் வேலை வாங்குதுன்னு இப்பத் தொடைக்கே தெரிஞ்சுபோச்சு.

தம்பிக்கு ஒண்ணு. நீ ஒவ்வொரு தடவையும் முதல் வாரம் ஆவேசமா எல்லாத்தையும் தூக்கியிருப்ப, மூணாவது நாள் கை மடக்க முடியாம கெடந்திருப்ப. வலிச்சாத்தான் வேலை நடந்துதுன்னு இல்ல. வலியைக் கண்டு மனசு அந்த எடத்தையே வெறுக்க ஆரம்பிக்கும், அதுதான் மிச்சம். முதல் ரெண்டு வாரம் "இவ்வளவுதானா"ன்னு தோணற அளவு செஞ்சா போதும்.


சிவதாபுரம் அக்கா | 2024 ஆகஸ்ட் 21

வலிக்குத் தைலம் எதுன்னு ஒம்போது பேர் கேட்டிருக்கீங்க. மேல எழுதினதை ஒருத்தரும் படிக்கல. தைலம் வேண்டாம், மெதுவா நடங்க. ஒண்ணுக்கு கோலா கலர்ல கருப்பாப் போனா மட்டும் தைலம் தேடாம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, அது வேற விஷயம்.


சிவதாபுரம் அக்கா | 2024 செப்டம்பர் 4

நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் பாரிஸ்ல உயரம் தாண்டறதுல வெண்கலம்! காலையில இருந்து பட்டறையில அதே பேச்சு.

எல்லாரும் ஊக்கம், உத்வேகம்னு போஸ்ட் போடறாங்க. எனக்கு எண்தான் கண்ணுல படுது. 2016 ரியோவுல 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவுல 1.86, வெள்ளி. இப்ப 1.85, வெண்கலம். எட்டு வருஷத்துல நாலு சென்டிமீட்டர் இறங்கியிருக்கு. அந்த நோட்டை என்கிட்ட கொடுத்திருந்தா ரெண்டாவது வரியிலயே "இது வேலைக்காகாது"ன்னு மூடியிருப்பேன். அவர் மூணு ஒலிம்பிக்லயும் மேடையில நின்னுட்டார்.

இதை ஏன் சொல்றேன்னா, எனக்கு டெட்லிஃப்ட் (தரையில இருந்து கனத்தைத் தூக்கி நிமிர்றது) 55 கிலோவுலயே ரெண்டு மாசமா நிக்குது. முதல் ரெண்டு மாசத்துல 20-ல இருந்து 35-க்கு ஏறினப்ப நான் பெரிய வீராங்கனைன்னு நெனச்சேன். அது தசை வளர்ந்ததில்லையாம். இருக்கிற தசையை எப்படிச் சேர்ந்து கூப்பிடறதுன்னு நரம்பு கத்துக்கறதுதான் ஆரம்பத்துல பெரும்பகுதி. அதனாலதான் எண் குதிக்கும், கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. அப்புறம் எண் மெதுவாகும்போதுதான் தசை மெதுவா வர ஆரம்பிக்குது.

தம்பி, உன்னோட அஞ்சாவது ஆறாவது வாரம் இதுதான்னு நெனக்கறேன். புதுசுங்கற ருசி போயிருக்கும், கண்ணாடி இன்னும் பேச ஆரம்பிச்சிருக்காது. சரியா ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல மூணு தடவையும் விழுந்திருக்க.

(பாராலிம்பிக்னு எழுதியிருக்கணும், ஒலிம்பிக்னு எழுதிட்டேன். திருத்தினவருக்கு நன்றி. இப்படி ஒரு ஆள் எல்லா இழையிலயும் இருக்கார்.)


சிவதாபுரம் அக்கா | 2024 அக்டோபர் 20

தீபாவளி ஆர்டர். ராத்திரி ஒரு மணி வரைக்கும் பத்த வைக்கிறோம். கண்ணெல்லாம் எரியுது.

இந்த மாசம் ரெண்டே பயிற்சி. ஸ்குவாட் (தோள்ல கனத்தை வெச்சு உட்கார்ந்து எழறது), புல் டவுன் (மேல இருக்கிற கம்பியைக் கீழ இழுக்கறது). 25 நிமிஷம், முடிச்சு வந்துடறேன். கூட வர்றவங்க "இதுக்கு வராமலே இருக்கலாமே"ன்னாங்க. வராம இருந்தா எனக்கு நவம்பர்ல கதவு ரொம்ப கனமாயிடும். அந்தக் கதவைத் திறக்கறதுக்குத்தான் இந்த 25 நிமிஷம்.

ஆனா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுப் போகாதீங்க. நாலு மணி நேரம் தூங்கிட்டுப் போன அன்னிக்கு 40 கிலோவுல முட்டி ஆடிச்சு, மாஸ்டர் பிடிக்கலன்னா பாரோட உட்கார்ந்திருப்பேன். அன்னிக்கு சேதாரம்னு எழுதித் தூங்கியிருக்கணும்.


சிவதாபுரம் அக்கா | 2024 அக்டோபர் 21

நோட்டு எந்த ஆப்னு கேக்கறாங்க. ஆப் இல்லீங்க. பட்டறைக் கணக்கு நோட்டு. வெள்ளிக் கணக்கு முன்பக்கத்துல இருந்து, என் கணக்கு பின்பக்கத்துல இருந்து. அங்க கிராம், இங்க கிலோ. ஒரு தடவை வீட்டுக்காரர் அவசரத்துல திருப்பிப் பிடிச்சுட்டு "யாருடா அம்பது கிலோ கம்பி வாங்கினது"ன்னு அலறிட்டார்.


சிவதாபுரம் அக்கா | 2024 டிசம்பர் 6

புயல் மழை. மலையில கொட்டின கொட்டுல ஏற்காடு ரோட்டுல மண்சரிவு, வண்டி விடல. எங்க தெருவுல முழங்கால் தண்ணி. பட்டறைக்குள்ள வந்துடுச்சு, மோட்டார் ரெண்டு நனைஞ்சுபோச்சு. ஜிம் ரெண்டாம் தேதியில இருந்து பூட்டு.

சேதாரம் ரெண்டுன்னு பெருசா எழுதினேன். இந்த மாசம் அஞ்சு, ஆறு போகும்போல. இது வெள்ளம் வந்து பட்டறையையே கொண்டுபோன மாதிரி, இதுக்குக் கணக்கு வேற. மூணு வாரம் வரைக்கும் விட்டாலும் பலம் பெரிசா இறங்காது, ஏற்கெனவே ஏறின தசை புதுசா ஏத்தறதைவிட சீக்கிரம் திரும்பி வரும். அதனால பயம் இல்ல. தண்ணியை வாளியில இறைச்சு வெளிய ஊத்தினதுல முதுகுக்கு நல்ல வேலை. ஆனா ஒண்ணு கவனிச்சேன்: முன்னெல்லாம் பத்து வாளிக்கு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவேன். இந்தத் தடவை வீட்டுக்காரர்தான் உட்கார்ந்தார்.


சிவதாபுரம் அக்கா | 2025 ஜனவரி 19

ஏற்காடு இறக்கம் மறுபடி. இந்தத் தடவை பன்னெண்டு வளைவு. ரெண்டு நாள் ஆச்சு, லேசான வலிதான், படியில நேரா இறங்கறேன். ஒரு தடவை அடி வாங்கின தசை அடுத்த தடவைக்குத் தயாரா இருக்குமாம். சுண்டலை இந்தத் தடவை முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன், குரங்கு முந்தானையையே இழுத்துச்சு.

பொங்கலுக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அந்தப் பழைய ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன், பிரிச்சுத் தைச்சது. கை மறுபடியும் இறுக்கிப் பிடிக்குது. இந்தத் தடவை தோள்ல. என்ன சொல்றதுன்னு தெரியாம தையல்காரம்மா என்னையே பார்த்தாங்க.


கொண்டலாம்பட்டிக்காரன் | 2025 பிப்ரவரி 21

அக்கா, எட்டாவது மாசம். சேதாரம் இந்த மாசம் மூணு. பதில் சொல்ல வந்தேன்.


சிவதாபுரம் அக்கா | 2025 பிப்ரவரி 23

மூணாவதுக்குக் காரணம் சொல்லாமலே போயிட்டான் பாருங்க.

இன்னிக்கு டெட்லிஃப்ட் 60 கிலோ, மூணு தடவை. எழுதலாம்னு நோட்டைத் திறந்தா எடம் இல்ல. எடது பக்கம் "கம்பி 640 கிராம் வரவு"னு வீட்டுக்காரர் எழுத்து, அதுக்கு எதிர்ப்பக்கம் என்னோட ஜனவரி. நடுவுல வந்து முட்டிக்கிச்சு. ஓரத்துல சாய்ச்சு எழுதி வெச்சேன்.

கடைக்குப் போய் புதுசு வாங்கிட்டு வந்தேன், 192 பக்கம். நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள அவர் முன்பக்கத்துல ஆரம்பிச்சுட்டார்.